மூன்று முறை ஓட்டிய வெல்டிங்

கல்வராயன் மலை இறக்கத்தில் என் சைக்கிளின் பிரேம் உடைந்தபோது எனக்குப் பதினேழு வயது. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். ஹேண்டிலுக்குக் கீழே சாய்வாக இறங்கும் பைப் டக்கென்று விட்டுப்போனது. தாடையில் ஏழு தையல். அதன் பிறகும் சைக்கிளை விடவில்லை. ஆனால் எந்த இறக்கத்திலும் அந்தச் சத்தம் வருகிறதா என்று காது தானாகத் தேடும்.

ஏன் உடைந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வகுப்பில் ஒரே பெண்ணும் நான்தான். முடித்ததும் கள்ளக்குறிச்சியில் கரும்பு டிரெய்லர் கட்டும் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே ஓர் இணைப்பில் ஒருமுறை வெல்டு வைத்தால் போதாது. அதன்மேலேயே இரண்டாவது, மூன்றாவது என்று ஓட்டுவோம். சீசனில் எவ்வளவு கரும்பு ஏற்றுவார்கள் என்று யார் கண்டது?

வேலை முடிந்த மாலைகளில் என் முதல் சைக்கிள் பிரேமைக் கட்டினேன். மெல்லிய பைப். பயத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று முறை ஓட்டினேன். ஓனர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, இதுல கரும்பு ஏத்தப் போறியா?”

“ஒடையக் கூடாதுங்கண்ணா.”

“எங்க ஒடையப் போவுது? ஆனையே ஒக்காரலாம்.”

பச்சை பெயிண்ட் அடித்தேன். கல்லூரியில் படிக்கும் என் தங்கை, ஒரு விடுமுறை நாளில் அதை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனாள். மலையிலிருந்து சைக்கிளிலேயே இறங்கி வருவதாகத் திட்டம்.

அன்று காலை பட்டறையில், மிச்சப் பைப்பில் பழகுவதற்காக நான் அதேபோல் மூன்று முறை ஓட்டி வைத்திருந்த ஓர் இணைப்பு கண்ணில் பட்டது. விளையாட்டாக அதை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் கடிக்க வைத்து, நீளக் குழாயை மாட்டி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் முறிந்தது. வெல்டு அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் பைப்தான் அறுந்திருந்தது. என் பழைய சைக்கிளும் அப்படித்தான் உடைந்தது. மூன்று முறை காட்டிய சூட்டில் மெல்லிய பைப் வெந்து வலுவிழந்து போயிருந்தது.

தங்கையைக் கூப்பிட்டேன். மலையில் சிக்னல் இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஹாரன் அடித்தது. ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் அவள் ரோட்டில் கிடப்பதாகவே பார்த்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவில் வந்தாள். பின்னல் பறக்க, கேரியரில் ஒரு பலாப்பழம் வேறு. நான் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“இன்னாக்கா, இங்க எங்க வந்த?”

“எறங்குடி. மொதல்ல எறங்கு.”

“நல்லாத்தான போய்க்கினு கீது!”

கீழ்ப் பைப்பில் நகத்தால் தடவினேன். வெல்டின் ஓரம் பெயிண்டில் முடியளவு ஒரு கோடு. பலாப்பழத்தைக் கழற்றி, கீழே இறங்கும் பஸ்ஸில் அனுப்ப எடுத்து வைத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகலாம் என்றேன்.

“பலாப்பழம் பஸ்ல போவுமாம், நான் நடந்து வரணுமாம்! எங்கக்கா செஞ்சதுன்னு மலை பூரா சொல்லிட்டு வரேன். பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அடிவாரம் வரை அவளை ஏறவிடவில்லை.

மறுநாள் அந்தக் கோட்டுக்கு அருகே ஹேக்சா ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். விரிசல் பைப்பைப் பாதி சுற்றி வந்திருந்தது. நான் பிரேம் முழுவதையும் அறுத்துப் போட்டேன்.

அடுத்த பிரேமில் ஒரே ஓட்டுதான் ஓட்டினேன், குறைந்த சூட்டில். அதற்கு முன் பதினோரு இணைப்புகளை வைசில் வைத்து இழுத்துப் பார்த்திருந்தேன். பதினொன்றாவது முறியவில்லை, வளைந்தது.

அந்தப் புது சைக்கிளைத் தங்கை கேட்டும் கொடுக்கவில்லை. அவளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, வெள்ளிமலையிலிருந்து நானே இறங்கினேன். கை வியர்வையில் ஹேண்டில் வழுக்கியது. முதல் வளைவில் பிரேக்கை விட்டேன். காற்றின் இரைச்சலுக்குள் என் காது அந்த டக் சத்தத்தைத் தேடிக்கொண்டே வந்தது.