ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குப்பை

லண்டனில் மழை பெய்தால் யாரும் ஓடுவதில்லை. வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். நான் விருதுநகர்க்காரன். எங்கள் ஊரில் நாலு தூறல் விழுந்தாலே ரோட்டில் இருப்பவன் எல்லாம் பெட்டிக்கடைக் கூரைக்குள் நுழைந்துவிடுவான். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். மழை என்றால் அன்று வேலை கிடையாது, அவ்வளவுதான். இங்கே நவம்பர் மழை பெய்வதுகூட இல்லை, சும்மா காற்றில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் ஒரு கிழவர் முழங்காலுக்குக் குட்டி மெத்தை போட்டு மண்டியிட்டு, அடுத்த வருஷத்துப் பூவுக்கு இப்போதே கிழங்கு புதைத்துக்கொண்டிருப்பார். முதல் சனிக்கிழமை அந்தோனி அண்ணைக்கு போன் போட்டு, மழை பெய்கிறதே, இன்றைக்கு லீவுதானே என்று கேட்டேன். "தம்பி, இந்த நாட்டில மழைக்கு லீவு எடுத்தா ஜூலையிலதான் வேலைக்குப் போக ஏலும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியில வா" என்றார்.

அந்தோனி அண்ணை இலங்கை மன்னார்க்காரர். குட்மேய்ஸில் என் வாடகை அறைக்கு அடுத்த தெருவில் குடும்பத்தோடு இருக்கிறார். வாரநாளில் ஒரு கிடங்கில் ஷிப்ட். சனிக்கிழமை வேனில் மண்வெட்டியும் இலை வாரும் ரேக்கும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகத் தோட்டம் துப்புரவு. நான் அவருக்குக் கையாள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, விசா முடிவதற்குள் ஸ்பான்சர் செய்கிற கம்பெனி ஒன்று மாட்டாதா என்று அப்ளிகேஷன் தட்டிக்கொண்டே இருக்கும் கூட்டத்தில் ஒருவன். ஊரில் யார் கேட்டாலும் அம்மா "கம்ப்யூட்டர் வேலை" என்கிறாள். என் கம்ப்யூட்டர் வேலை இதுதான்: பனியில் கறுத்துப்போன டேலியாப் பூச்செடியை வெட்டுவது, வழுக்குகிற நடைகல்லில் அப்பிய இலையைச் சுரண்டுவது, முட்செடிக் கொடியை வேரோடு பிடுங்குவது. கையுறைக்குள் தண்ணீர் போய்விட்டால் எது என் விரல், எது ரேக்கின் பல் என்று தெரியாது. லண்டன் கனவில் இருக்கும் ஜூனியர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணைக்கு இந்த ஊரில் ஒரே ஒரு பேராசை. அலாட்மென்ட். ஒரு பொது வளாகத்துக்குள் வீடில்லாத வெறும் மண் துண்டு. காய்கறி போட வாடகைக்குக் கொடுப்பார்கள். அதற்கு வரிசையில் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அவரும் காத்திருந்து, போன வசந்தத்தில்தான் ஒன்று கிடைத்தது. ஆனால் முதல் வருஷம் சோதனைக் காலம். வளாகத்தை நடத்துகிற கமிட்டிக்குப் பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. என் விசா மாதிரியே இருக்கிறதே என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கோடை முழுவதும் அந்த மண்ணில் பயற்றங்காயும் புடலங்காயும் போட்டு, பங்குக் கோயிலில் பூசைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பையில் கட்டிக் கொடுத்தார். கிடங்கில் வாயே திறக்காத மனுஷன் அங்கே போனால் செடியோடு பேசிக்கொண்டிருப்பார்.

குளிர்காலம் தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து பொது இடங்களைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஞாயிறு பூசையை எதற்காகவும் விடாத அண்ணை, சனிக்கிழமை மாலையே கோயிலுக்குப் போய் வந்துவிட்டு, மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அங்கே நிற்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கமிட்டிச் செயலாளர் லிண்டா கேட்டைத் திறந்துவிட்டு, பொது ஷெட்டைச் சுற்றி முடிந்ததைச் செய்யுங்கள், நான் போய்த் தேநீருக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினோம். மட்கிய மரக்கட்டைகள், அதன்மேல் ஒரு பழைய பலகை, அதற்கடியில் இடுப்பளவு இலைக் குவியல், சுற்றிலும் தொட்டால் அரிக்கும் செந்தட்டிப் புதர். பக்கத்திலேயே மனிதர்கள் உட்காரும் பெஞ்சு. எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பின்னால் இப்படித்தான் செங்கல் குவிந்து கிடந்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து கிளம்பிய கட்டுவிரியன் பாத்ரூம் வரை வந்த பிறகுதான் வார்டனுக்குப் புத்தி வந்தது. அண்ணையின் கதை அதைவிட மோசம். சின்ன வயதில் அவர் தங்கச்சி விறகு எடுக்கக் கை விட்ட குவியலில் புடையன் பாம்பு கிடந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தக் கை இன்றும் மடங்காது.

"இப்பிடியே விட்டிட்டு அதுக்குப் பக்கத்தில இருந்து கேக் சாப்பிடுதுகள் பார்" என்றார் அண்ணை. லண்டனில் ஏதுண்ணே பாம்பு என்று நானும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். புதரை வெட்டினோம். கட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் நெம்பிப் புரட்டி, தள்ளி நின்று பார்த்து, வேலியோரம் அடுக்கினோம். இலை மொத்தத்தையும் ரேக்கால் வாரிப் பெரிய பைகளில் அடைத்தோம். கடைசியில் அண்ணை மண் தெரியக் கூட்டினார். கோலம் போடலாம், அப்படி இருந்தது. அவர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்த பார்வையில், சோதனைக் காலம் அன்றோடு முடிந்துவிட்டது.

லிண்டா தேநீர்க் குடுவையோடு வந்தாள். பார்த்தாள். "நிறைய வேலை செய்திருக்கிறீர்கள்" என்றாள், திட்டுவதையும் பாராட்டு மாதிரியே சொல்கிற இந்த நாட்டுக் குரலில். நான் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். அண்ணையும் தலையாட்டினார். அவளுக்குப் பின்னால் வந்த பீட்டர் என்ற பெரியவர் கூட்டிய மண்ணில் மண்டியிட்டு, "அது எங்கே?" என்று கேட்டார். எது என்று எங்களுக்குப் புரியவில்லை. அப்போது இலைப் பை ஒன்று அசைந்தது. அண்ணை ஒரே பாய்ச்சலில் பெஞ்சுமேல் ஏறிவிட்டார். பீட்டர் பைக்குள் கையை விட்டு எடுத்தது ஒரு முள்ளெலி. தேங்காய் அளவு, சுருண்டு, அரைத் தூக்கத்தில்.

அந்தக் குவியல் குப்பை இல்லையாம். குளிர்காலம் முழுக்க முள்ளெலி தூங்குவதற்காக அவர்களே வருஷக்கணக்காகக் கட்டி வளர்த்த வீடாம். லிண்டா அழுதாள். நிஜமாகவே அழுதாள். தான் போட்டிருந்த கம்பளி மேலாடையைக் கழற்றி அதைச் சுற்றினாள். ஒருவர் அட்டைப்பெட்டி கொண்டு வந்தார், இன்னொருவர் காரின் ஹீட்டரைப் போட்டார், மூன்றாமவர் விலங்குக் காப்பகத்துக்கு போன் செய்தார். காலையிலிருந்து நனைந்து உதடு நீலம் பாய்ந்து நின்ற அண்ணையிடம் ஒரு கப் தேநீரை நீட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. குடுவையை நானே திறந்து ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கமிட்டி கூப்பிட்டது. அதே ஷெட்டுக்குள், ஈரக் கோட்டுகளின் நாற்றத்துக்கு நடுவே ஐந்தாறு பேர். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால் அண்ணை என்னைக் கூட்டிப் போனார். நான் சும்மா இருப்பேனா. அங்கே ஒரு போர்டு வைத்திருந்தீர்களா, எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா, எங்கள் ஊரில் அப்படிக் குப்பையை விட்டுவைத்தால் ஆள் செத்துப்போவான், நீங்கள் சொன்ன இடத்தைத்தானே துப்புரவு செய்தோம் என்று பொரிந்து தள்ளினேன். எல்லோரும் மிகவும் கனிவாகத் தலையாட்டினார்கள். இந்தக் கனிவு இருக்கிறதே, சுவரில் முட்டினாலாவது நெற்றியில் ரத்தம் வரும்.

அண்ணை என் முழங்கையைத் தொட்டார். "தம்பி, இதைச் சொல்லு" என்றார், மேசையைப் பார்த்தபடி. "எங்கட வீட்டையும் ஒருநாள் வந்து இப்பிடித்தான் துப்பரவாக்கினவங்கள். கல்லுக்கூட மிச்சமில்லை. எங்களுக்கு ஒருத்தரும் பெட்டி கொண்டு வரேல்ல எண்டு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "வேண்டாம். சொல்லாத. சொரி எண்டு மட்டும் சொல்லு" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று லிண்டா கேட்டாள்.

"ஹீ இஸ் சாரி" என்றேன். இரண்டு வருஷமாக இங்கே நான் கொடுத்த எந்த இன்டர்வியூவிலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு பதில் சொன்னதில்லை.

தீர்ப்பும் கனிவாகவே வந்தது. தவறு தெரியாமல் நடந்ததை ஏற்றுக்கொள்கிறார்களாம். இங்கத்திய முறை பழகும்வரை முழு நிலம் அண்ணைக்குச் சுமையாக இருக்கலாமாம். எனவே பாதியை அவரே வைத்துக்கொள்ளலாம், பாதி வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு. முள்ளெலி நலமாக இருக்கிறதாம். பேரும் வைத்துவிட்டார்கள். வசந்தத்தில் அதே மூலையில் கொண்டுவந்து விடுவார்களாம்; அது எங்கே பிறந்து வளர்ந்ததோ அங்கேதான் இருக்க வேண்டும் என்று பீட்டர் விளக்கினார். அந்த ஷெட்டில் அதில் மட்டும்தான் எல்லோருக்கும் கருத்து ஒற்றுமை. வேனில் ஏறியதும் நான் கெட்ட வார்த்தையாகக் கொட்டினேன். "பாதியாவது தந்தாங்கள் தானே" என்றார் அண்ணை. எனக்கு அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லை போடப் போனோம். அதே தொங்கும் மழை. நான் ஒரு முனையில் முளைக்குச்சியைப் பிடிக்க, அண்ணை மறுமுனைக்கு நூலை இழுத்துக்கொண்டு போய் அடித்தார். நூல் விறைத்து நின்றபோதுதான் தெரிந்தது, குளிர் தொடங்குமுன் அவர் ஊன்றிய பூண்டு எல்லாம் குறுக்கு வரிசையில் போயிருந்தது. ஒவ்வொரு வரிசையையும் நூல் நடுவில் வெட்டியது. இரண்டு பக்கமும் விரல் உயரத்துக்குப் பச்சை முளைத்திருந்தது.

அந்தப் பக்கத்துப் பூண்டைப் பிடுங்கிவிடலாம் அண்ணே, எவனோ தின்பதற்கா நட்டோம் என்றேன்.

"வேர் விட்டிட்டுது. இப்ப கிளப்பினா செத்துப்போம்" என்றார்.

சொல்லிவிட்டு நூலைத் தாண்டிக் காலை வைத்தார். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. மழை கரைத்து வெளியே தெரியவிட்ட பூண்டுகளுக்குக் குனிந்து மண் அணைக்க ஆரம்பித்தார், முதலில் அந்தப் பக்கத்து வரிசைக்கு.