அத்தானின் குளியல் தொட்டி

என் அக்கா வீட்டுக்காரர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்றே பெயர். பரணில் பத்து வருஷம் தூங்கிய மெஷினைக் கொண்டுபோய் வைத்தால், உள்ளே ஒரு பார்வை, ஒரு திருகு, ஒரு சொட்டு எண்ணெய். அரை மணியில் அது புது மெஷின் போல ஓடும். "எந்த மெஷினும் கேக்கறது ஒரு சொட்டு எண்ணெய்தான்" என்பார். வீட்டிலும் கதவுக் கீல், மின்விசிறி, கத்தரிக்கோல் எதையும் விட்டுவைக்க மாட்டார். முழங்கால் வலிக்கிறது என்று நான் சொன்ன அன்றுகூட அவர் பார்வை எண்ணெய்க் குப்பியின் பக்கம் போனது.

அப்பேர்ப்பட்டவருக்கு மீன் விஷயத்தில் மட்டும் அந்தக் கைராசி செல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் கோய் என்னும் அலங்கார மீன்கள் மூன்று வளர்த்தார். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு முழங்கை நீளத்துக்கு ஒரு பெண். அதற்குப் பெரியவள் என்று பெயர். கூட இரண்டு ஆண்கள், அவர்களுக்குப் பெயர் மாப்பிள்ளைகள். போன வருஷம் பெரியவள் இரண்டு தடவை முட்டை போட்டாள். இரண்டு தடவையும் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தது. இரண்டு தடவையும் ஒன்றுகூடத் தேறவில்லை.

எனக்கு இதில் வயிற்றெரிச்சல் வேறு. குஞ்சு வளர்க்க அவர் பிடித்த இடம் அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டி. மாடியில் இருப்பவன் நான். அக்காவும் அத்தானும் துண்டும் சோப்புமாக என் குளியலறைக்கு வந்துவிடுவார்கள். பேக்கரியில் விடிகாலை வேலை முடித்துப் பத்து மணிக்கு வந்து படுத்தால், கதவைத் தட்டுவார்கள். "மீனுக்குத் தனி அறை, மனுஷனுக்குப் படுக்க நேரமில்லை" என்று கத்திப் பார்த்தேன். யார் காதில் விழுந்தது?

இந்த வருஷம் மூன்றாவது தடவை. தையல்கடைகளில் மிச்சமாகும் நைலான் கீற்றுகளைத் துடைப்பம் போலக் கட்டி அத்தான் தொட்டியில் மிதக்கவிட்டார். காலையில் மாப்பிள்ளைகள் பெரியவளை அதன்மேல் முட்டி முட்டித் தள்ள, தண்ணீர் பின்வாசல்வரை தெறித்தது. ஒரு மணி நேரத்தில் நைலான் முழுக்கக் கடுகளவு கண்ணாடி மணிகள். விட்டுவைத்தால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள் என்று, துடைப்பத்தை அப்படியே தூக்கிவந்து குளியல் தொட்டியில் போட்டார். போன வருஷம் போலவே, தண்ணீருக்குள் காற்று ஊதும் பழைய பம்பையும் பக்கத்தில் வைத்தார்.

இரண்டாம் நாள் தன் பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தார். "சும்மா பாரு மாப்ள."

வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்! நான் பார்க்கும்போதே உள்ளே ஒரு நூலிழை சுருண்டு, ஒரு துடி துடித்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்லும் மண்ணும் இல்லை, வெறும் தண்ணீர். அதற்குள் யாரோ கண் திறந்து இருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கம் போனாலும் போகட்டும் என்று நானே தினமும் போய் நின்றேன்.

நாலாம் நாள் பொரித்தன. கண் இமையிலிருந்து உதிர்ந்த முடி அளவுக்கு ஆயிரக்கணக்கில் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கின. இனிமேல்தான் கண்டம். போன இரண்டு தடவையும் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் எல்லாம் அடியில் விழுந்து, ஊர்ந்து ஊர்ந்து செத்தன. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் காரணம் சொல்லியிருந்தார். சுவரை விட்டதும் குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்க வேண்டும். அதனால் வயிற்றுக்குள் ஒரு பை நிறைந்தால்தான் மிதக்க முடியும். "உங்க குஞ்சுக்கு மேல வர்ற தெம்பு இல்ல சார்" என்றார்.

அந்த வார்த்தை அத்தானை அரித்துக்கொண்டே இருந்தது. அன்று சாப்பிடும்போது சொன்னார், "இந்தத் தடவையும் போச்சுன்னா மூணையும் கடைக்காரர்கிட்டயே குடுத்துடறேன். சாகடிக்கறதுக்குன்னு ஒரு உயிரப் பொறக்க வைக்கக் கூடாது."

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஒன்பது வருஷம் தன் கையிலிருந்து தின்ற மீன்களைக் கொடுத்துவிட்டு இவர் எப்படி இருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். அக்கா தொட்டியருகே குனிந்து நின்றிருந்தாள். ஜன்னல் வெயில் தண்ணீர்மேல் சாய்ந்து விழுந்தது.

"இங்க வாடா. இது என்ன கலரு?"

நீலமும் ஊதாவுமாக மெல்லிய ஏடு ஒன்று தண்ணீரைப் போர்த்தியிருந்தது.

"எண்ணெய்டா! தினம் பாத்திரம் தேய்க்கறவளுக்குத் தெரியாதா?"

எங்கிருந்து வரும்? காற்றுப் பம்பின் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்து நுனியைத் தடவி மோந்தேன். தையல் மெஷின் எண்ணெய். தினம் காலையில் கடைக்குக் கிளம்பும் முன், பம்பு கர்ரென்று கத்துகிறதே என்று பாசமாக அவர் விட்ட ஒரு சொட்டு! அது காற்றோடு குழாய் வழியே போய்த் தண்ணீரை மூடியிருக்கிறது. நல்லது செய்கிறேன் என்று இரண்டு தலைமுறையை மூடிபோட்டுக் கொன்றிருக்கிறார் மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே கடைக்குப் போய்க் கேட்கக் கிளம்பினேன்.

"நீ வாயத் தொறக்காத," என்றாள் அக்கா. "போய்ப் புதுப் பம்பு வாங்கிட்டு வா. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நான் பம்போடு திரும்பியபோது அவர் வந்திருந்தார். அக்கா சொல்லியும் இருந்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவினார், மோந்தார், மறுபடி கழுவினார். கடைசியில் குளியலறை வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வரவே மாட்டேன் என்றார். துணி வெட்டும் மாதிரித் தாளை எதிர்த் தையல்கடையிலிருந்து சுருளாக வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தார்.

"தண்ணி மேல விரிச்சுப் போடு. ஓரத்தப் புடிச்சு மெதுவா இழு. மெதுவா மாப்ள, சுவர்ல குஞ்சு இருக்கு!"

தாளை விரித்தோம், இழுத்தோம். ஒவ்வொரு தாளும் எண்ணெய் குடித்துக் கறைபட்டு வந்தது. மதியம் முழுக்க நாற்பது தாளாவது இழுத்திருப்போம். கடைசித் தாள் வெறும் ஈரமாக வந்தது. அப்போதே தொட்டியின் அடியில் சில குஞ்சுகள் கிடந்தன.

அடுத்த நாள் பேக்கரியில் இரண்டு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டு ஓடிவந்தேன். சுவரில் பாதி காலியாக இருந்தது. ஐயோ என்று அடியைப் பார்த்தேன். அடியில் நேற்றுக் கிடந்தவை மட்டும்தான். மற்றவை எங்கே?

"அசையாத," என்றாள் அக்கா மெல்ல. "அதோ."

சுவரை விட்ட ஒரு குஞ்சு, விழுவது போலச் சாய்ந்து, பிறகு உடம்பையே உதறிக்கொண்டு செங்குத்தாக ஏறியது. அதன் அளவுக்கு அது ஒரு மலை. மேலே வந்து தண்ணீரை முட்டியது. ஊசி குத்திய அளவுக்கு ஒரு வளையம் விரிந்தது. ஒரு வாய் காற்று. அடுத்த கணம் அது கீழே விழவில்லை. நட்டநடுவில், யாரும் பிடிக்காமல், நின்றது! பிறகு நீந்தியது. அதற்குப் பின் ஒன்று, பத்து, நூறு. தண்ணீர் முழுக்கத் தூறல் விழுந்தது போல வளையங்கள். மேலிருந்து எதுவும் விழவில்லை. எல்லாம் கீழிருந்து வந்தவை. கண்ணில் நீர் வந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அக்கா வாசலில் நின்றவரின் கையைப் பிடித்து இழுத்து வந்து தொட்டியருகே உட்கார வைத்தாள். அவர் நெடுநேரம் கண் கொட்டாமல் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"போன வருஷம் பொறந்ததெல்லாம் தெம்பில்லாததுன்னு நெனச்சிட்டேன்," என்றார். "அதுங்களும் இப்படித்தான மேல வந்து முட்டிப் பார்த்திருக்கும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

"முட்டியிருக்கும்," என்றாள். அவர் கையை விடவும் இல்லை.