சந்தனம் வைத்த ரிவால்வர்

துப்பாக்கிக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்ன ரிவால்வர். "லேடீஸுக்கு இது போதும் மேடம். ஹேண்ட்பேக்ல லிப்ஸ்டிக் பக்கத்துல போட்டு வெச்சுக்கலாம்" என்றார். நான் பிறந்ததிலிருந்து லிப்ஸ்டிக் போட்டவள் இல்லை. ஜல்லி உடைக்கும் கிரஷர் நடத்துகிறவள். முகத்தில் பூசக் கல்தூள் தாராளமாகக் கிடைக்கும். எரிச்சலில், கீழ்த்தட்டில் கிடந்த பெரியதைக் காட்டி, அதை எடுங்கள் என்றேன்.

யாரோ ஒரு காபித் தோட்டக்காரர் வீட்டிலிருந்து விற்பனைக்கு வந்த பழைய சீமை ரிவால்வர் அது. குழாயின் வாயில் என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. என் லைசென்ஸுக்கு அதுவும் செல்லும் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார், ஆனால் அதன் உதையை என் மணிக்கட்டு தாங்காது என்றார். "சுடறதுக்கு இல்லீங்க. பார்த்ததும் எதிராளி பயப்படணும், அவ்வளவுதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பயந்துபோய் வருகிறவர்கள் எல்லோரும் பெரியதைத்தான் கேட்பார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆமாம், பயந்துபோய்த்தான் இருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதி. ஓசூர் எல்லைக்கு அந்தப்புறம், கன்னடப் பக்கம், சந்தாபுராவைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் குவாரியும் கிரஷரும். வீடு பொம்மனஹள்ளியில். என் கணவர் நெஞ்சுவலியில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்துக் குவாரிக்காரருக்கு எங்கள் பாறை மேல் கண் விழுந்தது. அவரும் தமிழ் பேசுகிறவர்தான், ஓசூர்ப் பக்கம். காரியத்துக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "அக்கா, பொம்பள ஆளு ஒண்டியா கல்லு மண்ணோட எதுக்கு அல்லாடறீங்க? எங்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா இருங்க. கல்லு உருண்டா ஆம்பள, பொம்பளன்னு பாக்காது." அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு மனிதரால் அப்படி மிரட்ட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அடுத்த மாதம் குவாரிப் பாதையில் என் ஜீப்பின் முன்கண்ணாடி மேல் கல் விழுந்தது. கையில் தையல் போட்டார்கள். யார் எறிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

வாங்கிய பிறகுதான் நிஜமான தொல்லை தொடங்கியது. அத்தனை கனத்தை எங்கே ஒளிப்பது? கைப்பையில் வைத்தால், பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது. வங்கியிலும் கோயிலிலும் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே நின்றேன். பாவாடை நாடாவில் சொருகிப் பார்த்தேன். ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கியது, பாவாடையும் சேர்ந்து இறங்கப் பார்த்தது. கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் பெல்ட். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் தலைவிளக்குக்கு உண்டான பேட்டரியை இடுப்பில் கட்டுவார்களே, அந்த அகலப் பட்டை. ஷிப்ட் முழுக்க அத்தனை கனத்தைச் சுமந்தாலும் இடுப்பை அறுக்காது. அதில் ஒரு கெட்டித் துணிப் பை தைத்து, வலது பக்கம் வருமாறு கட்டி, மேலே முந்தானையைச் சுற்றிச் சொருகினேன். குனியலாம், ஏறலாம், ஓட்டலாம். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

உடம்புக்குச் சௌகரியமாகிவிட்டது. மனசுக்கு ஆகவில்லை. தங்கை தன் குழந்தையை நீட்டினால் மடியில் வாங்கமாட்டேன். கல்யாண வீட்டில் யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் பக்கவாட்டில் நழுவுவேன். அது தானாக வெடித்து என் தொடையைப் பிய்த்துவிடும் என்று ஒரு பயம். அந்த ஆள் வரும்போது கை மரத்துவிடும் என்று ஒரு பயம். கை மரக்காமல் சுட்டுவிடுவேனோ என்பது எல்லாவற்றிலும் பெரிய பயம்.

கிரஷரில் லோடு ஏற்றும் பெண்களுக்கு மூத்தவள் ஒருத்தி, தருமபுரிப் பக்கத்துக்காரி. தொட்டுத் தொட்டுப் பேசுகிற பெண்பிள்ளை. தோளில் கை போடுவாள், என் முந்தானைத் தூசியை அவளே தட்டுவாள். ஒருநாள் அவள் கை பெல்ட்டில் பட்டுவிட்டது. "என்னாம்மா இது, பட்டை கட்டிகினு இருக்கிற?" என்றாள். இடுப்பு வலிக்கு டாக்டர் கொடுத்தது என்று புளுகினேன். மறுநாள் அவள் ஒரு குப்பி நிறையத் தைலம் கொண்டுவந்தாள். "குனிம்மா, தேச்சு உடறேன்" என்று அவள் துரத்த, நான் ஓட, மற்றப் பெண்கள் சிரித்து உருண்டார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கிரஷரைக் கழுவி, டிப்பருக்கும் ஜீப்புக்கும் கம்ப்ரசருக்கும் வாழைக்கன்று கட்டி, சம்மட்டி உளிவரை பொட்டு வைக்கிற நாள். காலையில் வீட்டில் புறப்படும்போது எனக்கு ஒரு யோசனை. எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு, தினமும் என் இடுப்பிலேயே கிடக்கிற இதற்கு மட்டும் இல்லையா? கோபித்துக்கொண்டு என்மேலேயே திரும்பிவிட்டால்? சிரிக்காதீர்கள். பயந்தவளின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். கதவைச் சாத்திக்கொண்டு குண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, ரிவால்வருக்குச் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை போட்டேன். நடுவில் தாராளமாகக் குங்குமம். கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நேரமாகிவிட்டது. ஈரம் காயுமுன் குண்டுகளைப் போட்டு, பெல்ட்டில் சொருகி, பண்டிகைக்கென்று எடுத்த சந்தன நிறக் காட்டன் புடவையின் முந்தானையை மேலே சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பூஜைக்கு யார் வந்தாலும் தட்டு கொடுக்க வேண்டும், சண்டைக்காரனாக இருந்தாலும். அது எங்கள் பக்கத்து முறை. பகையாளியும் வந்தார், பின்னால் இரண்டு ஆட்கள். தலைக்கு மேல் வெயில். லோடு ஆட்கள் சம்மட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள். என் கைத்தையல் அவர்கள் யாருக்கும் மறந்திருக்கவில்லை. பொரியும் கடலையும் பழமும் வைத்த தட்டை நீட்டினேன். வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே. டிப்பர் சக்கரத்துக்கு வைக்கும் எலுமிச்சம்பழத்தை நீங்களே அறுங்கள் என்று, பழத்தையும் கத்தியையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் எனக்கு வலது பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில், கையில் கத்தியோடு நின்றார். நான் விரலை முந்தானைக்குள் விட்டேன். பெல்ட் நனைந்திருந்தது. என் வேர்வைதான் என்று நினைத்தேன்.

"ஐயோ அம்மா! ரத்தம்! குத்திட்டான்டி!"

கத்தியது தைலக்காரி. குனிந்து பார்த்தேன். என் இடுப்பில், அந்த வெளிர் புடவையில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு பரவியிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து எடுத்த விரல்களும் சிவப்பு. எனக்கே ஒரு நொடி குத்துப்பட்டுவிட்டேன் என்றுதான் தோன்றியது. வலி எங்கே என்று தேடினேன். அதற்குள் அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் என் இடுப்பைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். ஆண்கள் சம்மட்டியோடு அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். கூட வந்த இரண்டு பேரும் எந்தப் பக்கம் ஓடினார்களோ தெரியாது. அவர் டிப்பர் சக்கரத்தோடு ஒட்டி நின்று, "நான் இல்ல, நான் இல்ல, அக்கா சொல்லுங்கக்கா" என்றார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கத்தி. தட்டிலிருந்த பொரி நடுங்கி நடுங்கிக் கீழே கொட்டியது. முதல் கல் அவர் காதோரம் பட்டுத் தோல் கிழிந்தது.

குங்குமம், குங்குமம் என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. பயத்தில் நான் உளறுகிறேன் என்று என்னை உட்காரவைக்கப் பார்த்தார்கள். அடுத்த கல் தலையில் விழுந்தால் அவர் பிழைக்கமாட்டார். என் கண் முன்னால், என் பெயரைச் சொல்லி ஒரு மனிதரைக் கொல்லப் போகிறார்கள். தைலக்காரியின் கையை விலக்கிவிட்டு, முந்தானையை இழுத்து, எத்தனையோ மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

எல்லாம் நின்றுவிட்டது. அத்தனை பெரிய ரிவால்வரில் சந்தனம் கரைந்து வழிந்தது, குங்குமம் என் முழங்கை வரை இறங்கியது. "ரத்தம் இல்ல. இதுக்கு வெச்ச பொட்டு. அவரை விடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கற்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை, துப்பாக்கியையே பார்த்தார். பிறகு தட்டை மெதுவாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நடந்து போனார்.

அதற்குப் பிறகு பாதையில் அவர் வண்டி எனக்கு ஒதுங்கியது. கடைக்காரரிடம் நான் கேட்டது அதுதானே. ஆனால் ஒதுங்கியது அவர் வண்டி மட்டும் இல்லை. நான் நடந்து வந்தால் லோடு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தைலக்காரி இரண்டு அடி தள்ளி நின்று, "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். என் ரத்தம் என்று நினைத்து இரண்டு கையாலும் பொத்தியவள், என் முந்தானையில் தூசி இருந்தால் இப்போது கண்ணால் மட்டும் காட்டினாள். அது என்னை அந்த ஆளின் மிரட்டலைவிட அதிகமாக வாட்டியது.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஒப்படைத்துவிட்டு நேரே கிரஷருக்கு வந்தேன். பெல்ட் இல்லாத இடுப்பு காற்றில் கிடப்பது மாதிரி இருந்தது. மாலையில் அந்தப் பாதையில் தனியாகத் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தபோது ஜீப் சாவி கையிலிருந்து நழுவி விழுந்தது.

தைலக்காரிதான் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு அடி தள்ளி நின்று, கையை நீட்டி.

"எனக்குப் பயமா இருக்குது" என்றேன். கணவர் போனதிலிருந்து அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கிட்டே வந்து, என் இடுப்பின் வலது பக்கத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். வெறும் புடவை.

"எனக்கும்தாம்மா பயம்" என்றாள். "இத்தன நாளா அதை வெச்சிகினு ஒண்டியா பயந்துகினு கிடந்தியா?" திரும்பி மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். "ஏய், ஜல்லிச் சட்டிய வெச்சிட்டு வாங்கடி எல்லாம். மெயின்ரோடு வரைக்கும் ஜீப்புல போலாம்."

ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டார்கள். அவள் எனக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நகரவில்லை.