தையல்கார அக்காவின் நாலு சுவிட்சு

பகலில் தையல் கடை, சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. குழுவுக்கே அவள் தையல்கார அக்காதான். வயலின், புல்லாங்குழல் என்று பாதி ஆர்கெஸ்ட்ரா அவளுடைய லேப்டாப்புக்குள் இருந்தது. ஒரே தொல்லை, பாட்டு நடுவில் ஒலியை மாற்ற வாசிக்கிற கையைத்தான் எடுக்க வேண்டும்.

போன கச்சேரியில் விரல் தவறி, தாலாட்டில் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் டிரம்பெட் பிளிறிவிட்டது. முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்த பெரியவர் துள்ளி எழுந்தார். அடுத்த கச்சேரிக்கு இன்னொரு கீபோர்டுகாரர் வருவார், இந்த மாதிரிப் பாட்டையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

காலால் மிதித்தே ஒலியை மாற்ற மிடி ஃபுட் கன்ட்ரோலர் என்று ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தாள். குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் கணவனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடைக்காரர் மூன்றை மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு சுவிட்சும் திரையும் கலர் விளக்கும் இருந்ததைக் கணவன் விரலால் தட்டிப் பார்த்து அசந்துபோனான். கடைக்காரரும் அதையே விரலால் தட்டி ஆமாம் போட்டார்.

"அண்ணே, இது காலுக்குத்தானே? கீழ வைங்க. ஒரு ஸ்டூலும் போடுங்க" என்றாள்.

அவள் வாசிப்பது உட்கார்ந்து, அதுவும் வெறுங்காலோடு. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியதை மிதித்தாள். ஒரே மிதியில் இரண்டு சுவிட்சு அமுங்கியது. சின்னது மிதித்ததும் நழுவி ஓடியது. மூன்றாவது தட்டை, நல்ல கனம், அழகு என்று சொல்ல எதுவுமில்லை. குதிகால் தரையில் இருக்க, தையல் மெஷினை மிதிப்பதுபோல முன்பாதத்தை இறக்கினாலே போதும்.

"நாலு சுவிட்சுதானே இருக்கு?" கணவன் இழுத்தான்.

"எனக்கு இருக்கறதே ரெண்டு காலு. அதுல ஒண்ணு சுரத்தை நீட்டற சஸ்டெய்ன் பெடல்ல மாட்டிக்கிட்டிருக்கும். நாலு போதும்."

அதையே வாங்கிவந்து, தினமும் தையல் கடை சாத்தியதும் துணி வெட்டும் மேசைமேல் கீபோர்டை வைத்து, கண் கீழே போகாமல் கால் தானே இடம் பிடிக்கும்வரை பழகினாள். டிரம்பெட் ஒலியை மட்டும் கால் லேசில் எட்டாத ஓரச் சுவிட்சுக்குத் தள்ளிவிட்டாள்.

கச்சேரியன்று மேடையில் புதிய கீபோர்டுகாரர் வந்து உட்கார்ந்துவிட்டார். தாலாட்டை மட்டும் முதலில் தான் வாசிப்பதாகவும், தப்பினால் மற்றதையும் அவருக்கே விட்டுக்கொடுப்பதாகவும் தலைவரிடம் சொன்னாள்.

வயலின் ஓய்ந்த மூச்சிலேயே புல்லாங்குழல் எழுந்தது. கை இம்மியும் நகரவில்லை. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கணவன் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பூரிப்பில் தாளம் தப்பாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பாட்டு முடிந்ததும் புதியவர் சிரித்துக்கொண்டே இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் காலியான அவருடைய நாற்காலியை எடுத்துவிடட்டுமா என்று தலைவர் கேட்டார்.

"இருக்கட்டும்ணே."

கச்சேரி முடியும்வரை அதில் அவளுடைய கைப்பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.