அம்மாவை நான் பாஸாக்கிய கதை

அம்மாவுக்குக் காசநோய் வந்த ஆண்டு நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான்தான் என்பதை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. நானே எல்லோருக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அதே மாடியில் இன்னும் நான்கு குடும்பங்கள். கழிவறை கீழே, எல்லோருக்கும் பொது. ஆஸ்பத்திரி வார்டில் சேர்ந்தால் மூன்று வயதுத் தம்பியை ஜொகூரிலிருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும், தான் உயிரோடு திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று அம்மா அழுதாள். அதனால் வீட்டுக்கே வந்து ஊசிபோட ஒரு தாதியை அனுப்பினார்கள். தாதியரை நாங்கள் மிஸ்ஸி என்போம்.

வெள்ளைச் சீருடையில் ஒருவர் தினமும் வந்தால் நோய் வெளியே தெரிந்துவிடுமே என்று அம்மா கவலைப்பட்டாள். மறுநாளே மிஸ்ஸி சீருடைமேல் ஒரு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியையும் மருந்துப் பையையும் சந்தைக்கூடையில் வைத்து, மேலே ஒரு கட்டு கங்கோங் கீரையைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து அறை அத்தை மாடிப்படியில் நின்று கேட்டார்.

"என்ன மிஸ்ஸி, இன்னைக்கும் கங்கோங்தானா? ஒரு நாளைக்காச்சும் முருங்கைக்காய் கொண்டாரக் கூடாதா?"

"கொண்டாந்துட்டா போச்சு லா" என்று மிஸ்ஸி சிரித்துக்கொண்டே ஏறினார்.

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாததுபோல் இருந்தார்கள். மிஸ்ஸியும் கீரையை நிறுத்தவில்லை. அந்தக் கீரையை அம்மா ஆக்க, நாங்கள் தின்றோம்.

எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துப் போட்டுவிட்டு, மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பார். பெரிய பெரிய மாத்திரைகள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டுக்குமேல். வாயில் போட்டதும் அம்மாவுக்குக் குமட்டும். அவள் விழுங்க விழுங்க ஓர் அட்டையில் கோடு போடுவது என் வேலை. வீட்டில் பென்சில் பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்ஸி ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் சிறுநீர் புடிச்சு வைங்கக்கா. டெஸ்ட் இருக்கு. சரியா வரலைன்னா டாக்டர் உங்கள வீட்டுல விடமாட்டார், வார்டுதான்."

அம்மா தம்பியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். டெஸ்ட் என்றால் என்ன என்று அந்த வீட்டில் அறிந்தவள் நான்தான். எந்த டெஸ்டிலும் நான் தோற்றதில்லை. ஆனால் அம்மா இருமிக்கொண்டுதானே இருக்கிறாள்? நோயாளியின் சிறுநீர் எப்படிப் பாஸாகும்? மறுநாள் காலை, அம்மா நிரப்பி வைத்திருந்த புட்டியைக் கீழே கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, என்னுடையதை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன்.

மத்தியானம் மிஸ்ஸி தன் பையிலிருந்த ஒரு திரவத்தை அதில் சில சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"அக்கா, மாத்திரையெல்லாம் என்ன பண்றீங்க?"

"முழுங்குறேன் மிஸ்ஸி."

"இதுல மருந்தே இல்லையே."

"பிள்ளைங்க மேல சத்தியமா முழுங்குறேன். வாந்தி வந்தாக்கூட முழுங்குறேன். அட்டையைப் பாருங்க, எம்பொண்ணு கோடு போட்டிருக்கா."

அம்மா அழுதாள். என்னுடையதே ஃபெயில் என்றால் எனக்கும் நோய் வந்துவிட்டது என்றல்லவா அர்த்தம்? வாயைத் திறக்கவில்லை. மிஸ்ஸி நோட்டுப் புத்தகத்தை விரித்துப் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு எழுதாமல் மூடினார்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட இதைக் காட்டணும். நாளைக்குக் காலையில வர்றேன். நான் வந்தப்புறம் கீழ போங்கக்கா."

ஞாயிறு ஏழு மணிக்கு வந்தார். சீருடை இல்லை, கூடை இல்லை. மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை.

"யாருக்குக் கல்யாணம் மிஸ்ஸி?" என்றார் அத்தை.

"எனக்குத்தான். மாப்பிள்ளைதான் இன்னும் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி கழிவறைக் கதவருகே நின்று, புட்டியைத் தன் கையாலேயே வாங்கி வந்தார். கைப்பையிலிருந்த திரவத்தைச் சொட்டு விட்டதும் சிவப்பும் ஊதாவுமாக நிறம் பொங்கியது. நிறமே மாறாத என்னுடையதே ஃபெயில் என்றால், இப்படிச் சிவந்தது எப்படிப்பட்ட நோயாக இருக்கும்?

"அம்மா செத்துடுவாங்களா?" என்று கதறினேன். அந்தக் கதறலிலேயே முந்தின நாள் செய்ததும் வெளியே வந்துவிட்டது. அம்மா அகப்பையை ஓங்கினாள்.

"படிக்க அனுப்புனா இதத்தான் படிச்சிட்டு வந்தியாடி?"

"விடுங்கக்கா" என்று மிஸ்ஸி அவள் கையைப் பிடித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. "உங்கள பாஸாக்கத்தான் பாத்திருக்கா." பிறகு என்னிடம், "இது நோய் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் இல்லம்மா. மருந்து உள்ள போச்சான்னு பாக்குறது. கலர் வந்தாதான் பாஸ்" என்றார்.

அம்மா வார்டுக்குப் போகவில்லை. ஒன்றரை ஆண்டு அதே மாத்திரைகளை விழுங்கி எழுந்து நடமாடினாள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் பள்ளியில், எங்கள் வீட்டுக்கு வருவதற்கென்றே ஒரு மிஸ்ஸி பட்டுப்புடவை உடுத்தி வந்தார் என்று தோழிகளிடம் பெருமையடித்தேன். அவர் மாதாகோயிலுக்குப் புறப்பட்டவர் என்றோ, அது அவருடைய ஒரே விடுமுறைநாள் என்றோ, சனிக்கிழமை கண்டதை அப்படியே எழுதியிருந்தால் அவர் கடமை அத்தோடு முடிந்திருக்கும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. இப்போது நான் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருக்கிறேன். எனக்கும் வாரத்தில் விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். அதை இதுவரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.