தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

மலேசியாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அப்பா இறந்தபின் தோட்டத்து வீட்டில் மாமாவோடு ஒண்டியிருந்தோம். அம்மா டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு வேலைக்குப் போனார். கைக்குழந்தையான தங்கையைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன்.

பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போக ஆயாக்கொட்டகை இருந்தது. ஆனால் அது தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த ஆயா ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"குடு புள்ளய. ஆபீஸ் கிராணி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஸ்கூலுக்குப் போ."

பள்ளிக்கூடம் முடிக்கும் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. தங்கையையும் படிக்க வைத்தேன். அந்த ஆயாவை ஆண்டவர்தான் அனுப்பினார் என்று இன்றும் நம்புகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நாங்கள் குடியிருந்த பாச்சாங்கில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, நானும் என் வீட்டுக்காரரும் டியூஷன் வகுப்பு ஆரம்பித்தோம். கோயிலுக்கு வரும் இளம் ஆசிரியை ஒருவர் பாடம் நடத்தினார். எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பெண் ஒருத்தி சில நாள் வகுப்புக்கு வந்து, பிறகு நின்றுவிட்டாள். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என்னவென்று பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட நேரத்தில் அவள் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா ஜொகூருக்குக் குடிபோய்விட்டாராம். அவளுடைய அம்மாவுக்குப் பேக்டரி வேலை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவள் அம்மாவிடம் பேசினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"படிப்பு வேணும்னு எனக்குத் தெரியாதாக்கா? இவன யாரு பாக்கிறது? நீங்க பாப்பீங்களா?"

"பாக்கிறேன். காலையில கொண்டாந்து விடு."

அவள் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சும்மா இருக்க மாட்டான்லா அக்கா. உங்க வீட்டு மாதா சிலைய ஒடச்சிருவான்," என்றாள்.

"மாதாவும் ஒரு புள்ளய வளத்தவங்கதான். கோவிச்சுக்க மாட்டாங்க."

முதல் வாரம் முழுக்க அழுதான். என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் போகிற லாரிகளைக் காட்டுவார். அவன் அக்காளோ காலையில் பள்ளிக்கும் மாலையில் மண்டபத்துக்கும் ஒழுங்காகப் போனாள்.

ரிசல்ட் வந்த அன்று அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெண் பள்ளியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"ஆன்ட்டி, பாஸ். மலாய்லயும் நல்ல மார்க். ஆறாம் படிவம் போலாமாம்," என்று அவன் எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னாள்.

போனில் செய்தியைக் கேட்ட அம்மா வெகுநேரம் அழுதாள். மறுநாள் காலையில் மகனை விட வந்தபோது அவளோடு இன்னொருத்தி நின்றாள். அதே பேக்டரியில் வேலையாம். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் பள்ளி யூனிபார்மில் ஒரு பெண். அந்தத் தாய் கேட்க வந்ததைக் கேட்கத் தயங்கினாள்.

நான் கேட்டைத் திறந்து, குழந்தைக்குக் கையை நீட்டினேன்.