கீறல் விழுந்த மீன் தொட்டி

எங்கள் அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸில் தினமும் கரித்தூசி படியும். காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்து, மீன் தொட்டியின் வெளிப்புறத்தையே கீறலாக்கிவிட்டேன். ஃபிட்டரான என் கணவர், அந்தக் கீறல்களைப் போக்க, இரும்பைப் பளபளப்பாக்கும் பஃபிங் மெஷினோடு உட்கார்ந்தார்.

"தண்ணிய எடுத்துடலாங்க."

"வெளிப்பக்கந்தானே. மீன் பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி சூடேறியது. 'டிக்'கென்று விரிசல் விட்டு, தண்ணீர் மெஷினை நோக்கி வழிந்தது. மெஷின் இரைச்சலில் நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மறுநொடி கண்ணாடி பிளந்து, அவர் மடியெல்லாம் தண்ணீரும் மீனும்.

"கரண்ட நிறுத்திட்டியா?" என்றார் அசையாமல்.

"நிறுத்திட்டேன். மீனப் புடிங்க."

மீன்களைப் பொறுக்கி வாளித் தண்ணீரில் விட்டோம்.

இப்போது புதுத் தொட்டியை ஈர ஸ்பாஞ்சால்தான் துடைக்கிறேன். அப்படியும் ஒரு கீறல் விழுந்துவிட்டது. தொட்டியைக் கழுவக் காலி செய்தபோதே அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.